இறக்கத்தை எண்ணிய பொறியாளர்

மின்சாரம் நின்றதும் மருத்துவமனையின் பின்புறத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் மூலையிலோ உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர்கள் பலவற்றின் மேல் 'கம்மின்ஸ்' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். நெடுஞ்சாலையில் நம்மை முந்திச் செல்லும் லாரிகள் பலவற்றின் உள்ளேயும் அதே பெயர் உண்டு. பெயரை அறியாதவர் குறைவு; அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தவரும் குறைவு. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குச் செல்லாத, ஒரு வங்கியாளரின் கார் ஓட்டுநராக வாழ்க்கையைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸின் கதை பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அதை என் மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அவர் பிறந்தது 1888 டிசம்பரில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில். சிறு வயதிலேயே நீராவி எஞ்சின் ஒன்றைத் தானே செய்து பார்த்தவர். ஏட்டுக் கல்வி விரைவில் முடிந்துவிட்டது. கைக் கல்வி முடியவே இல்லை. 1908-இல் கொலம்பஸ் என்ற சிற்றூரின் வங்கியாளர் வில்லியம் கிளான்டன் இர்வின் தம் காரை ஓட்டவும் பழுது பார்க்கவும் அவரை வேலைக்கு அமர்த்தினார். அக்காலத்தில் கார் ஓட்டுநர் என்றாலே பாதி மெக்கானிக் என்று பொருள். 1911-இல் முதன்முறையாக நடைபெற்ற இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ரே ஹாரூன் ஓட்டிய மார்மன் கார் வென்றது. அந்த அணியின் பணியாளர்களுள் இளைஞர் கம்மின்ஸும் ஒருவர்.

இர்வின் தம் ஓட்டுநரிடம் கண்டது என்ன என்பதை இன்று நாம் ஊகிக்கத்தான் முடியும். பட்டமோ சொத்தோ இல்லாத அந்த இளைஞருக்கு முதலில் ஒரு பட்டறை வைக்க இடமும் பணமும் தந்தார். முதலாம் உலகப்போரின்போது அந்தப் பட்டறை ராணுவ வண்டிகளுக்கான சக்கரக் குடங்களைச் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது. 1919 பிப்ரவரியில் கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனம் தொடங்கப்பட்டது. ருடால்ஃப் டீசல் கண்டுபிடித்த எஞ்சின் அதற்குள் ஐரோப்பாவின் தொழிற்சாலைகளிலும் கப்பல்களிலும் நிலைபெற்றிருந்தது. ஆனால் அது கட்டடம்போல் கனத்த எஞ்சின். அதைச் சிறியதாக்கிச் சாலையில் ஓடவைக்க முடியும் என்று அமெரிக்காவில் நம்பியவர்கள் வெகு சிலர்.

முதல் முயற்சி தோல்வி. ஹ்விட் என்ற வகை எண்ணெய் எஞ்சினை உரிமம் பெற்றுத் தயாரித்து, சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனை மூலம் விவசாயிகளுக்கு விற்றார்கள். பிடிக்காவிட்டால் பொருளைத் திருப்பித் தரலாம் என்பது சியர்ஸின் புகழ்பெற்ற உறுதிமொழி. எஞ்சின் தரத்திலும் குறைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விவசாயிகள் அந்த உறுதிமொழியையும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பருவம் முழுவதும் எஞ்சினை ஓட்டி, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். இடரை ஒருவரும் பலனை மற்றொருவரும் அனுபவிக்கும் ஒப்பந்தம் எங்கே போய் முடியும் என்பதற்குப் பாடநூல்களில் வரும் கற்பனை எடுத்துக்காட்டுகளைவிட இது நல்ல எடுத்துக்காட்டு. நட்டம் இர்வினின் தலையில் விழுந்தது.

அதன் பிறகும் அவர் பணம் தருவதை நிறுத்தவில்லை. 1920-களில் படகுகளுக்கும் மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் எஞ்சின்கள் விற்றன. ஆனால் இலாபம் வரவில்லை. 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தபோது நிறுவனத்தை மூடிவிடுவதே அறிவு என்று எவரும் சொல்லியிருப்பார்கள். அப்போது கம்மின்ஸ் செய்தது சற்றே கோமாளித்தனமாகத் தோன்றும் காரியம். பழைய பேக்கார்டு லிமோசின் ஒன்றை வாங்கினார். படகுக்கென வடிவமைத்த தம் டீசல் எஞ்சினை அதன் முன்பகுதியில் எப்படியோ பொருத்தினார். கிறிஸ்துமஸ் அன்று இர்வினின் வீட்டு வாசலுக்கு ஓட்டிச்சென்று அவரை உலா அழைத்துச் சென்றார். அன்று ஓடியது அமெரிக்காவின் முதல் டீசல் கார்களுள் ஒன்று. உலா முடிந்தபோது நிறுவனம் பிழைத்துவிட்டது.

1930 ஜனவரியில் அதே காரை இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் மோட்டார் கண்காட்சிக்கு ஓட்டிச்சென்றார். ஏறக்குறைய 800 மைல் பயணத்துக்கு எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட். அந்த ஆண்டே டேடோனா கடற்கரை மணலில் டீசல் கார் மணிக்கு 80 மைலைத் தாண்டியது. 1931-இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் அவருடைய டீசல் கார் 500 மைலையும் ஒருமுறைகூட நிற்காமல் ஓடி 13-ஆம் இடத்தைப் பெற்றது. மற்ற கார்கள் எரிபொருளுக்காக நின்று நின்று புறப்பட்டுக்கொண்டிருக்க, இது மட்டும் ஆமைபோல் விடாமல் சுற்றி வந்தது. பந்தயத்தில் 13-ஆவது என்பது தோல்வி. சிக்கனத்தை எண்ணும் லாரி முதலாளிகளின் கண்ணில் அதுதான் வெற்றி. அந்த ஆண்டின் இறுதியில் அவருடைய எஞ்சின் பூட்டிய லாரி அதே களத்தில் 13,000 மைலுக்கும் மேல் நிற்காமல் ஓடியது.

பெருமந்தக் காலம் அது. பெட்ரோலுக்குச் செலவிட்டதில் பாதியாவது மிஞ்சாதா என்று சரக்கு வண்டிக்காரர்கள் ஏங்கிய நேரத்தில்தான் டீசல் லாரி வந்தது. செழிப்பான 1920-களில் எவரும் திரும்பிப் பார்க்காத எஞ்சின் வறுமைக் காலத்தில் கவனத்தைப் பெற்றதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. சிக்கனத்துக்கு மதிப்பு கூடுவது நெருக்கடியில்தான்.

1931-ஆம் ஆண்டின் மற்றொரு பயணமே இக்கட்டுரை எழுதக் காரணம். டீசல் லாரியின் ஆற்றலைக் காட்டுவதற்காக நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை, நாட்டின் குறுக்கே 3,000 மைலுக்கும் மேல், ஒரு லாரியை ஓட்டிச்சென்றார்கள். கம்மின்ஸும் உடன் சென்றார். மொத்த எரிபொருள் செலவு 11 டாலர் 22 சென்ட். விளம்பரத்துக்கு அந்த எண்ணே போதுமானது. ஆனால் பயணத்தின் கடைசிக் கட்டத்தில், கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் சான் பெர்னார்டினோவை நோக்கி இறங்கும்போது, விளம்பரத்தில் இடம்பெறாத ஒன்று நடந்தது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்தது. கியரும் கைகொடுக்கவில்லை. வண்டி தன் எடையால் வேகம் எடுத்துக்கொண்டே போயிற்று. கீழே சாலையை ஒரு ரயில் பாதை குறுக்கிட்டது. அதில் சரக்கு ரயில் ஒன்று கடந்துகொண்டிருந்தது. ரயிலின் கடைசிப் பெட்டி சாலையைக் கடந்த அதே நொடியில் லாரி பாதையைத் தாண்டியது. உயிர் தப்பியது ஒரு சில அடி இடைவெளியில்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி ஓட்டுநர்களுக்கு இந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. ஏன் இப்படி நேர்கிறது என்பதை மற்றவர்களுக்குச் சற்றே விளக்கலாம். 10 டன் எடையுள்ள வண்டி 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், அது இழக்கும் ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். காற்றின் தடை போக மீதி பிரேக்கில் வெப்பமாக மாறும். கணக்கிட்டால் ஏறக்குறைய 175 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. அவ்வளவையும் சில இரும்பு உருளைகளும் பிரேக் கட்டைகளும் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தால் எஞ்சினே வண்டியைச் சிறிது இழுத்துப் பிடிக்கும். காற்று உள்ளே வரும் வழியை ஒரு தகடு அடைத்துக்கொள்வதால், எஞ்சின் வெற்றிடத்தை எதிர்த்து உழைக்க வேண்டியிருக்கிறது. டீசல் எஞ்சினில் அந்தத் தகடு இல்லை. பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று அடுத்த நொடி வில்லைப்போல் விரிந்து, வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆக, மலையேற்றத்தில் எந்த எஞ்சின் மிகச் சிறந்த துணையோ, அதுவே மலையிறக்கத்தில் ஏறக்குறையத் துணையற்றது. கம்மின்ஸ் தம் எஞ்சினின் இந்தக் குறையை 1931-இல் உயிர் போகும் விளிம்பில் அறிந்துகொண்டார். தீர்வு கிடைக்க இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். 1933-இல் லாரிகளுக்கான 'எச்' வகை எஞ்சின் வந்தது. அந்த ஆண்டே கென்வொர்த் நிறுவனம் டீசல் எஞ்சினைத் தன் லாரிகளில் பொருத்தி விற்கத் தொடங்கியது. அமெரிக்க மேற்குக் கரையின் நீண்ட மலைப்பாதைகளில் சரக்கு ஏற்றியவர்களே முதல் வாடிக்கையாளர்கள். இர்வினின் உறவினர் இர்வின் மில்லர் 1934-இல் நிர்வாகத்துக்கு வந்தார். நிறுவனம் முதன்முதலாக இலாபம் கண்டது 1937-இல்.

அதாவது தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து. காலாண்டுக்கு ஒருமுறை இலாபக் கணக்கு கேட்கும் இன்றைய முதலீட்டாளர் எவரும் பதினெட்டு ஆண்டுகள் பொறுக்கமாட்டார். இர்வின் பொறுத்தார். ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தை நம்பி ஒரு தொழில் நிற்பது பாதுகாப்பான ஏற்பாடு அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இப்படிப் பொறுத்து அழிந்துபோன வங்கியாளர்களின் கதைகளை நாம் படிப்பதில்லை. ஆனால் இதுபோன்ற கண்டுபிடிப்புகளுக்கு வேண்டிய காலத்தைச் சந்தை தானாகத் தந்துவிடும் என்று வகுப்பறையில் நாங்கள் கற்பித்தது முழு உண்மையன்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கம்மின்ஸ் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். நிறுவனம் படிப்படியாக மற்றவர்கள் கைக்குச் சென்றது. ஓய்வு பெற்ற அவர் தம் சொந்தப் பட்டறையில், 1950-களின் நடுவில், கஹோன் இறக்கத்தின் பழைய கணக்கைத் தீர்க்க முற்பட்டார். யோசனை மிக எளியது. பிஸ்டன் காற்றை அழுத்தி முடிக்கும் தறுவாயில் வெளியேற்ற வால்வைச் சற்றுத் திறந்துவிட்டால், அழுத்தப்பட்ட காற்று வில்லைப்போல் திருப்பித் தள்ளாது. புகைக்குழாய் வழியாக வெளியேறிவிடும். அப்போது எஞ்சின் ஆற்றலைத் தருவதில்லை, விழுங்குகிறது. சரியான அந்த நொடியில் வால்வைத் திறப்பது எப்படி என்பதே சிக்கல். எரிபொருளைச் செலுத்துவதற்கென்று எஞ்சினில் ஏற்கெனவே இருந்த கேம் அச்சு அதே நொடியில்தான் அசைகிறது என்பதைக் கண்டார். அந்த அசைவை எண்ணெய் அழுத்தத்தின் மூலம் வால்வுக்குக் கடத்தினார். பல ஆண்டுகளாகத் தாமே வடிவமைத்த எஞ்சினுக்குள் விடை ஒளிந்திருந்தது.

எஞ்சின் தயாரிப்பாளர்களிடம் அதற்கு உடனடி வரவேற்பு இல்லை. எஞ்சின் விற்பவருக்கு வண்டியின் பிரேக் தம் பொறுப்பன்று என்ற எண்ணம் இயல்பு. கடைசியில் துளையிடும் கருவிகளின் பிடிப்பானுக்குப் பெயர்பெற்ற ஜேக்கப்ஸ் நிறுவனம் அதைத் தயாரிக்க முன்வந்தது. 1961-இல் சந்தைக்கு வந்த அந்தக் கருவியை லாரி ஓட்டுநர்கள் 'ஜேக் பிரேக்' என்று அழைத்தார்கள். கண்டுபிடித்தவரின் பெயர் எஞ்சினில் நிலைத்தது; பிரேக்கில் நிலைத்தது தயாரித்தவரின் பெயர்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஜேக் பிரேக் போட்டால், குறிப்பாகச் சைலன்சர் பழுதான வண்டிகளில், துப்பாக்கி வெடிப்பதுபோல் படபடவென ஓசை எழும். அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றின் எல்லையில் எஞ்சின் பிரேக் பயன்படுத்தத் தடை விதிக்கும் பலகைகளை இன்றும் காணலாம். ஓட்டுநரின் பாதுகாப்புக்கான விலையைச் சாலையோரத்தில் உறங்குபவர் கொடுக்கிறார். சைலன்சரைச் சரிசெய்யச் சொல்வதே பொருத்தமான கட்டுப்பாடு என்பது என் கருத்து; பிரேக்கைத் தடை செய்வதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் டெக்சாஸில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தம் டீசல் பிக்கப் வண்டியின் தானியங்கி கியர்பாக்ஸைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். குதிரைகள் ஏற்றிய டிரெய்லரை மலைப்பகுதிகளுக்கு இழுத்துச் செல்பவர் அவர். எஞ்சினைப் பற்றிக் கவலையே படமாட்டார். அவருடைய கவலை முழுவதும் கியர்பாக்ஸ்தான். அந்தக் கவலையின் வேர் கம்மின்ஸின் எஞ்சினில்தான் இருக்கிறது என்பது பின்னரே எனக்குப் புரிந்தது.

1989-ஆம் ஆண்டின் டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் குதிரைத்திறன் 160 மட்டுமே. முறுக்கு விசையோ 400 பவுண்டு-அடி, அதுவும் நிமிடத்துக்கு 1,700 சுழற்சி அளவிலேயே. தொடக்க ஆண்டுகளில் அதனுடன் வந்த தானியங்கி கியர்பாக்ஸுக்கு மூன்றே கியர்கள். ஓவர்டிரைவும் இல்லை, லாக்-அப்பும் இல்லை. தானியங்கி கியர்பாக்ஸில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருப்பது டார்க் கன்வர்ட்டர்: எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் ஒரு சக்கரம் எண்ணெயைச் சுழற்ற, அந்த எண்ணெய் எதிரிலுள்ள சக்கரத்தைச் சுழற்றும். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-இல் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்தது. நின்ற நிலையிலிருந்து பெருஞ்சுமையை இழுத்துப் புறப்படுவதற்கு அதைவிடப் பதமான ஏற்பாடு அரிது. எஞ்சினின் முறுக்கு விசையை அந்த வேளையில் பெருக்கியும் தருகிறது. ஆனால் இரு சக்கரங்களுக்கும் இடையில் எப்போதும் சிறிது நழுவல் இருக்கும். நழுவல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாகிறது. கோடையில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏற்றம் ஏறும்போது எண்ணெய் சூடேறிக் கெட்டு, உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துபோகும்.

இறக்கத்தில் நேர்வது இன்னும் கவனிக்கத்தக்கது. எஞ்சின் பிரேக் எவ்வளவு வலிமையாக இருந்தாலும், நடுவிலுள்ள எண்ணெய் நழுவினால் அதன் பிடிப்பு சக்கரத்துக்கு முழுமையாகப் போய்ச்சேராது. கன்வர்ட்டரின் இரு பாதிகளையும் ஒன்றாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் இருந்தால்தான் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். கூடவே கியரும் தாழ்ந்திருக்க வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் அதிகக் காற்றை அழுத்தி அதிக ஆற்றலை விழுங்கும். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் விதி தானியங்கி வண்டிக்கும் பொருந்தும். இன்றைய வண்டிகளில் சுமை இழுப்பதற்கென்று தனிப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கியர்பாக்ஸ் அவசரப்பட்டு மேல் கியருக்குப் போகாது. பிரேக்கைத் தொட்டதும் தானாகக் கீழ் கியருக்கு இறங்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்த மாற்றங்களையும் இந்தக் கணக்கை வைத்தே புரிந்துகொண்டேன். முதலில் அவர் வாங்கியது கியர் எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானி. அடுத்துப் பெரிய எண்ணெய்க் குளிர்விப்பான். அதன் பிறகு, டீசலின் தாழ்ந்த சுழற்சிக்கு ஏற்ற கன்வர்ட்டரும் வலுவான லாக்-அப் கிளட்ச்சும். எஞ்சினின் திறனைக் கூட்டும் மின்னணுப் பெட்டியை விற்பவர்கள் எவ்வளவோ சொல்லியும் அவர் வாங்கவில்லை. மிகச் சரியான வரிசை என்றே எனக்குத் தோன்றியது. சங்கிலியின் நலிந்த கண்ணியை விட்டுவிட்டு வலிய கண்ணியை மேலும் வலுவாக்குவதில் பணத்தை இறைப்பவர்களே அதிகம். அரசுகளின் திட்டங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

தயாரிப்பாளர்களும் மெல்ல அந்த இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். 2001 மாடல் ஷெவர்லே டீசல் பிக்கப்புகளில் பேருந்துகளுக்கும் கனரக லாரிகளுக்கும் கியர்பாக்ஸ் செய்யும் அல்லிசன் நிறுவனத்தின் தானியங்கி கியர்பாக்ஸ் இடம்பெற்றது. 2007-இல் டாட்ஜ் பிக்கப்புக்கு வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினில், டர்போவையே பயன்படுத்திப் புகையைத் தடுத்து வண்டியை நிறுத்தும் பிரேக் உடன் அமைந்திருந்தது. புதிதாக வாங்குபவர் எஞ்சினின் எண்களை முதலில் பார்ப்பது இன்னும் மாறவில்லை. எத்தனை டன் இழுக்கும் என்று கேட்பவர்கள் நிறைய. அத்தனை டன்னையும் இறக்கத்தில் எது பிடித்து நிறுத்தும் என்று கேட்பவர்கள் கொஞ்சம். நடக்காமல் போன விபத்துக்கு எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலும் வரவு வைக்கப்படுவதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

1962-இல் புனேயில் கிர்லோஸ்கர் கம்மின்ஸ் தொடங்கப்பட்டபோது அந்தப் பெயர் இந்தியாவுக்கு வந்தது. கிளெஸ்ஸி கம்மின்ஸ் அப்போது எழுபதைத் தாண்டியவர். 1967-இல் டீசலோடு தாம் கழித்த நாள்களைப் பற்றித் தன்வரலாறு ஒன்றை வெளியிட்டார். மறு ஆண்டு, 1968 ஆகஸ்டில், கலிபோர்னியாவில் காலமானார். அவருடைய மகன் லைல் கம்மின்ஸ் உள்ளெரி எஞ்சின்களின் வரலாற்றாசிரியராகப் பெயர் பெற்றார். அவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய பெருநூல், தம் தந்தையின் எஞ்சினைப் பற்றியதன்று; ருடால்ஃப் டீசலின் எஞ்சினைப் பற்றியது.